மைக் செட்காரர்

அழைப்பிதழில் என் அப்பாவின் படமும் அவரைச் சுடச் சொன்னவரின் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அப்பாவின் படம் தபால்தலை அளவு. அந்த ஆளின் படம் உள்ளங்கை அளவு. நடுவில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் சித்திரம், அதற்குக் கீழே பொன்னிற எழுத்தில் ‘இணைப்பு விழா’. அம்மாவின் கடை மேசையில் விற்பனைக்கு வைத்திருந்த பூட்டுகளை ஒதுக்கிவிட்டு, மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி அத்தனை பவ்யமாக அதை வைத்தார் சித்தப்பா. நான் அப்போதுதான் ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் முடித்து அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். கையிலிருந்த டிபன் கேரியரை அவர் தலையில் போட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன்.

சித்தப்பா என்றால் சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பா வாடகை மைக் செட் கடை வைத்திருந்த காலத்தில் பக்கத்துக் கடையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாராம், அதனால் எனக்குச் சித்தப்பா. இப்போது ஊருக்கெல்லாம் அவர் கட்சிச் ‘செயலாளர்’. இரண்டு பெட்ரோல் பங்க் இருக்கிறது, மூன்றாவதுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மட்டும் நாக்கு பழகிப்போய் இன்னமும் சித்தப்பா என்றே வந்து தொலைக்கிறது.

“அண்ணி, நீங்க வந்தே ஆகணும். ஏழு குடும்பத்துல இன்னிக்கும் வந்துட்டிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்” என்றார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழைப்பிதழைப் பார்த்தாள். பெரிய படத்தின்மேல் விரலை வைத்தாள். “இவருதான அப்ப போலீஸ் மந்திரி?”

“அதெல்லாம் பழைய கதை அண்ணி.”

“வானத்தப் பாத்துதான் சுட்டாங்கன்னு பேப்பர்ல சொன்னாரே. அப்ப எங்க வீட்டுக்காரரு பறந்துட்டு இருந்தாரா?”

சித்தப்பா சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் மேலே தொங்கிய பைகளைப் பார்த்தார். “அவரும் மனசு மாறிட்டாரு அண்ணி. வயசாயிடுச்சில்ல.”

“அவரு மாறினாரா, நீங்க மாறினீங்களா?” என்றேன் நான்.

“நீ சின்னப் பொண்ணு. உனக்கு இதெல்லாம் தெரியாது.” எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனால் கட்சியைப் பொறுத்தவரை நான் என்றைக்கும், மேடையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாலு வயதுக் குழந்தைதான். அந்தப் படத்தைத்தான் இன்றும் போஸ்டரில் போடுகிறார்கள். நான் வளர்ந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

போகிற போக்கில்தான் சொன்னார், அதுதான் அவருடைய சாமர்த்தியம். “கடைக்கு உரிமம் புதுப்பிக்கிற நேரம் வந்துடுச்சில்ல அண்ணி? நகராட்சி இப்ப நாம சேரப்போற பெரிய கட்சி கையில. நீங்க மேடைக்கு வந்து நம்ம கொடிய எடுத்து அவரு கையில குடுத்துட்டா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்.” பேருந்து நிலையத்து வளாகத்தில் எங்கள் கடை. பை, குடை, பூட்டு. கட்சி ஆட்சியில் இருந்தபோது ‘தியாகியின் குடும்பத்துக்கு’ என்று ஒதுக்கியது. அந்தக் கடை வருமானத்தில்தான் அம்மா என்னை லேப் டெக்னீஷியன் ஆக்கினாள். கொடுத்ததைப் பிடுங்கவும் முடியும் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வெளியே அவருடைய வண்டி எஞ்சினை அணைக்காமலே நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்து ஏரித் தண்ணீரைக் குழாய் போட்டுத் தலைநகரத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று செய்தி வந்த வருஷம்தான் கட்சி பிறந்தது. தலைவர் அதுவரை பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். கரும்பலகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஏரி எங்கே இருக்கிறது, குழாய் எந்த வழியாகப் போகும், யார் வயல் காயும் என்று சாக்பீஸால் வரைந்து காட்டுவாராம். ஜனங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோலத் தரையில் உட்கார்ந்து கேட்பார்களாம். கட்சி ஆபீஸ் என்பது சித்தப்பாவின் பஞ்சர் கடை மாடியில் ஒரு அறை, ஒரு பாய், ஒரு மண்பானை. பெரிய கட்சிக்காரர்கள் அதை ‘டியூஷன் கட்சி’ என்று கேலி செய்தார்கள். 

என் அப்பா கட்சிக்காரர் இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு ரத்தம் கொதிக்கும், கொதிக்கட்டும். அப்பா எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டினார். பெரிய கட்சிக்கும் கட்டினார், கல்யாணத்துக்கும் கட்டினார், துணிக்கடைத் தள்ளுபடி விற்பனைக்கும் கட்டினார். “மைக்குக்குக் கட்சி கெடையாது, கரண்ட் இருந்தா போதும்” என்பாராம். வாழ்நாளில் அவர் மைக்கில் பேசியதெல்லாம் “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” மட்டும்தான். ஆனால் கட்சி காலண்டரில் ‘என் மூச்சு நின்றாலும் தலைவரின் பேச்சு நிற்கக் கூடாது’ என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் வருஷா வருஷம் வந்தது. எவன் எழுதினானோ, எதுகை மோனையோடு எழுதினான்.

நடந்தது இதுதான். குழாய் போடுவதை மறித்துக் கூட்டம் நடந்தது. போலீஸ் வந்தது, கண்ணீர்ப் புகை வந்தது, தடியடி வந்தது. அப்பா தப்பித்துவிட்டார். எதிர்ச் சாரியில் ஒரு ரொட்டிக்கடைக்குள் சித்தப்பாவோடு பத்திரமாக நின்றிருந்தார். அப்புறம் ஆம்ப்ளிஃபயர் ஞாபகம் வந்தது. அந்த மாதம்தான் புதிதாக வாங்கியிருந்தார், உறைகூடப் பிரிக்காமல் உபயோகித்துக்கொண்டிருந்தார். “பெட்டிய எடுத்துட்டு வந்துடறேன்” என்று ரோட்டைக் கடந்தார். பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பும்போது சுட்டார்கள்.

அன்றைக்குச் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் தலையிலடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார். “பெட்டிய எடுக்கப் போனாரு அண்ணி, நான் பிடிச்சு நிறுத்தாம போயிட்டனே.” காரியமெல்லாம் முடிந்து கட்சி இரங்கல் கூட்டம் போட்டபோது அதே சித்தப்பா, அதே வாயால், மேடையில் வேறு மாதிரி சொன்னார். தலைவரின் குரல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒலிபெருக்கியைக் காக்கக் குண்டுகளுக்கு நடுவே பாய்ந்தார் அண்ணன் என்றார். அம்மா மேடையில் உட்கார்ந்து இரண்டாவது கதையைக் கேட்டாள். மறுத்துச் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பும் இல்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. 

முதலாம் ஆண்டு நினைவு நாளில்தான் தலைவர் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாத்தியார் புத்தி, வருகைப் பதிவு எடுத்தார். அன்றைய துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோன ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயர் வீட்டுக்குச் சொந்தம், தொழில் ஊருக்குச் சொந்தம் என்று சொல்லித் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டார். “தபால்காரர்!” என்பார். மைதானம் முழுக்க ஒரே குரலில் “இருக்கேன்!” என்று சொல்லும். அந்தக் குடும்பத்துக்காரர்கள் மேடையில் எழுந்து நிற்பார்கள். “கொத்தனார்!” “இருக்கேன்!” “மாணவன்!” “இருக்கேன்!” என் அப்பாதான் எப்போதும் கடைசி. “மைக் செட்காரர்!” அந்த ‘இருக்கேன்’ மட்டும் கொஞ்சம் கூடுதலாக நீளும். அந்தச் சத்தத்தில்தான் கட்சி ஜெயித்தது. அடுத்த தேர்தலில் எங்கள் பக்கத்துத் தொகுதி அத்தனையும் கட்சிக்குத்தான். பெரிய கட்சிக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை. பஞ்சர் கடை மாடியிலிருந்து மந்திரிசபைக்குப் போனார்கள். 

அப்புறம் கட்சி எப்படித் தேய்ந்தது என்று தொலைக்காட்சியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு அலசுவார்கள். கூட்டணிக் கணக்கு, வாக்கு சதவீதம், தலைமை வெற்றிடம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்த ‘இருக்கேன்’ சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். முதலில் அது மைதானம் நிறைய இருந்தது. தலைவர் போய்ச் சேர்ந்தார், அவருடைய மாப்பிள்ளை தலைமைக்கு வந்தார். இவர் பெயரே கட்சிக்குள் ‘மாப்பிள்ளை’தான், பந்தியில் முதல் இலை அவருக்கே என்று முடிவான மாதிரி. எந்தக் குழாயை மறித்து ஏழு பேர் செத்தார்களோ அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது குழாய் போடும் ஒப்பந்தம் மாப்பிள்ளையின் தம்பிக்குக் கிடைத்த வருஷம், மைதானத்தில் பாதி காலி. கட்சி இரண்டாக உடைந்து அந்தப் பாதியிலும் பாதி போனது. சின்னத்தை முடக்கினார்கள். நினைவு நாள் மைதானத்திலிருந்து கடைத்தெரு முனைக்கு வந்தது, அங்கிருந்து கல்யாண மண்டபத்துக்கு, கடைசியில் ஆபீஸ் மாடிக்கே திரும்பிவிட்டது. கீழ்த்தளத்தில் பஞ்சர் கடை இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக்கூடம். இவர்கள் மேலே தியாகிகளுக்கு மௌன அஞ்சலி செலுத்தும்போது கீழே இரும்பு டமால் டமால் என்று விழும்.

ஒரு வருஷம் ஆள் மிகக் குறைவாகிவிட்டது என்று பழைய மைதானக் கூட்டத்தின் பதிவைப் போட்டார்கள். சித்தப்பா “மைக் செட்காரர்!” என்று சொல்ல, மூலையில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து ஆயிரம் பேர் “இருக்கேன்!” என்று கத்தினார்கள். நாற்காலியில் இருந்த கிழவர்கள் வாயையே திறக்கவில்லை, பெட்டிதான் பார்த்துக்கொள்கிறதே. அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது அம்மா என்னிடம் சொன்னாள்: “இது பழைய கேசட்டுடி. நடுவுல ஒருத்தர் இருமுறாரு பாரு, அவரு செத்தே ரொம்ப நாளாச்சு.”

அழைப்பிதழ் வந்த அன்று மாலை வீட்டில் நான் குதித்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். “கடை போனா போகட்டும்மா. என் சம்பளம் இருக்கு. நீ அந்த மேடையில ஏறக் கூடாது. சுடச் சொன்னவன் கையில நீ கொடியக் குடுத்தா அப்பாவ நாமளே ரெண்டாந்தரம் கொல்ற மாதிரி.”

“கடைக்காக யாரு போறா?”

“அப்புறம் எதுக்குப் போற?”

அம்மா குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்தாள். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்றால் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்று அர்த்தம். “வருஷத்துக்கு ஒரு தடவ அவரக் கூப்பிடறாங்க. அவரு இருக்கேன்னு சொல்றாரு. எத்தன வாய் சேந்து சொன்னாலும் எனக்கு அவரு ஒருத்தர் சொல்ற மாதிரிதான் கேக்கும். கண்ண மூடிக்குவேன். கடத்தெருவுல இருந்து வந்து செருப்பக் கழட்டிட்டு, இருக்கீங்களான்னு நான் உள்ள இருந்து கேட்டா இருக்கேன்னு சொல்வாரே, அந்த மாதிரி. நான் அதுக்குத்தான் இத்தன வருஷமா போறேன். இவனுங்க கட்சி வாழ்ந்தா எனக்கென்ன, செத்தா எனக்கென்ன.”

இத்தனை வருஷம் அவள் கட்சிக்குப் பயந்து போகிறாள் என்று நினைத்திருந்தேன். அதற்காக அவளை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. இந்த ஒரு சொல்லைக் காட்டியே ஒரு பொம்பளையை மேடை மேடையாக இழுத்தடித்திருக்கிறார்களே என்று இன்னும் கூடத்தான் செய்தது. “இது கூலிக்கு வர்ற கூட்டம்மா. அவனுங்க சொல்றதும் உனக்கு அப்பா சொல்ற மாதிரி கேக்குமா?”

“கேக்கும்” என்றாள். “இதோட கட்சி முடிஞ்சுது. இனிமே யாரும் கூப்பிடமாட்டாங்க. கடைசித் தடவ கேட்டுட்டு வந்துடறேன். கொடிய அவன் கையில குடுத்தாத்தான் கேக்க விடுவாங்கன்னா, குடுத்துட்டுப் போறேன். ஒரு துணி அது.”

நானும் கூடப் போனேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். பிற்பகல் வெயில். மைதானத்துக்கு லாரியிலும் பேருந்திலும் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில். தொப்பியில் இரண்டு கட்சியின் நிறமும் இருந்தது. அதைக் கழற்றி விசிறிக்கொண்டு, எப்போது முடியும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வேலைக்கு வந்தவர்கள், வேலையைச் செய்கிறார்கள். முன்வரிசையில் பழைய கட்சிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், வெளுத்துப்போன சட்டைப்பையில் பழைய பேட்ஜோடு, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். 

மேடையில் அம்மாவுக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். சுடச் சொன்னவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அவ்வளவு வருஷம் நான் மனசில் வளர்த்து வைத்திருந்த அரக்கன் இவ்வளவுதானா என்று இருந்தது. காதில் மெஷின், தொங்கிய கன்னம், மடித்துவிட்ட சட்டைக் கை. தொழில் புத்தி, என் கண் நேராக அவர் முழங்கை மடிப்புக்குத்தான் போனது. ஊசி குத்த நரம்பு சுலபமாகக் கிடைக்கும் கை. நாளைக்கே என் லேபுக்கு வந்தால் நான் பஞ்சால் துடைத்து, வலிக்காமல்தான் எடுப்பேன். அவர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றார். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை, அதற்குள் வேறொருவர் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தார்.

மேடைக்கு இடப்பக்கம், நாலைந்து படி இறங்கினால் மைக் செட். தோளில் சுருட்டிய ஒயரும் காதில் டெஸ்டருமாக ஒரு ஆள் ஆம்ப்ளிஃபயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயில் படாமல் பெட்டிக்கு மேலே அட்டையைச் சாய்த்து நிழல் கட்டியிருந்தான், தனக்குக் கட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை பேசும்போது மைக் இரண்டு தடவை ‘கீ’ என்று கத்தியது. சித்தப்பா மேடை ஓரத்துக்கு வந்து, “யோவ் மைக் செட்டு, தூங்கறியா? இன்னொரு தடவ கத்துச்சுன்னா பாத்துக்க” என்று பல்லைக் கடித்தார். அவன் அவசரமாக எதையோ திருகினான். அதற்குப் பிறகு மேடையிலேயே கண்ணாக இருந்தான்.

மாப்பிள்ளை மண்ணைப் பற்றியும் காலத்தின் கட்டாயத்தைப் பற்றியும் பேசினார். அவருக்கு மந்திரி பதவி உறுதியாகிவிட்டது என்று காலைப் பேப்பரிலேயே வந்திருந்தது, அதுதான் காலம், அதுதான் கட்டாயம். பிறகு சித்தப்பா மைக்கைப் பிடித்தார். ஒரு தட்டில் கட்சிக் கொடியை மடித்து அம்மாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். “கடைசி முறையாக நம் தியாகிகளை அழைக்கிறேன்” என்றார் சித்தப்பா. அவருடைய குரல் கம்மியது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தோன்றியது, அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“தபால்காரர்!”

முன்வரிசைக் கிழவர்கள் “இருக்கேன்” என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அத்தனை பெரிய கூட்டம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ எதற்கோ கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்று. “ரொட்டிக்கடைக்காரர்!” இருக்கேன். “ஆசிரியை!” கிழவர்களில் ஒருவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார், குரல் இன்னும் குறைந்தது. “லாரி கிளீனர்!” “கொத்தனார்!” சித்தப்பாவே மைக்கில் “இருக்கேன்” சொல்லிச் சமாளித்தார். “மாணவன்!” சுடச் சொன்னவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் கையைக் கோத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டாத தெய்வமில்லை. ஒருத்தனாவது சத்தமாகச் சொல்லிவிடுங்கடா.

கடைசி அழைப்புக்கு ஒரு முறை உண்டு. கூப்பிட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்ட வேண்டும். அதுவும் தலைவர் ஏற்படுத்தியதுதான். சித்தப்பா பழக்கதோஷத்தில் அதையே செய்தார். தொண்டை கிழிய, “மைக் செட்காரர்!” என்று கூப்பிட்டுவிட்டு மைக்கை வெளியே நீட்டினார்.

ஒரு சத்தமும் இல்லை. கிழவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலை ஒருவன் நெரிக்கும் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது.

“இருக்கேன்! இருக்கேன் சார்!”

படியில் தடதடவென்று ஓடிவந்தான் மைக் செட்காரன். தோளில் இருந்த ஒயர் அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. நீட்டிய மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவன் குரல் மைதானம் முழுக்க எட்டுக் குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டது. “இங்கதான் சார் இருக்கேன். எங்கயும் போகல. இப்பக் கத்தலயே சார்?”

கூட்டம் ஒரு நொடி விழித்தது, பிறகு கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு முழுவதும் அவர்களுக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். “யோவ், உன்ன இல்லய்யா, போய்யா கீழ” என்றார் சித்தப்பா. “நீங்கதான சார் கூப்பிட்டீங்க?” என்றான் அவன் பயந்துபோய். சிரிப்பு இன்னும் பெரிதானது. மாப்பிள்ளை சிரித்தார். சுடச் சொன்னவருக்கு யாரோ காதில் விளக்கிச் சொன்னார்கள், அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ‘இருக்கேன்’ என்ற சொல் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும், அவள் நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையே சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி மட்டும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், விளையாடப் போன பிள்ளை ரோட்டில் ஓடுவதைப் பார்த்துவிட்ட மாதிரி நின்றாள்.

“இப்போது தாயார் கொடியை வழங்குவார்” என்றார் சித்தப்பா, சிரிப்பை அடக்குவதற்காகச் சத்தமாக. சுடச் சொன்னவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தார். புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள். அம்மா நடந்தாள். தட்டைத் தாண்டினாள். நீட்டிய கைகளைத் தாண்டினாள், அந்த ஆள் நகர்ந்து வழிவிட வேண்டியிருந்தது. படியில் இறங்கிக்கொண்டிருந்த மைக் செட்காரனின் பின்னாலேயே இறங்கினாள். நான் அவளைப் பிடிக்க ஓடினேன். கடை போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. போகட்டும், சனியன் ஒழியட்டும் என்றுதான் இருந்தது.

அவன் பெட்டி முன்னால் உட்காரப் போனவன் அம்மாவைப் பார்த்து எழுந்தான். அம்மா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். தலைக்கு மேலே குழாயில் சித்தப்பாவின் குரல் இடித்துக்கொண்டிருந்தது. “தாயார் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், தியாகச் செம்மலின் துணைவியார் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்!” எனக்கே அம்மா பேசுவது கேட்கவில்லை.

“என்னம்மா?” என்று காதைக் கொடுத்தான் அவன். அம்மா மறுபடி சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். “கேக்கலம்மா, இருங்க.” குனிந்து, நிழல் கட்டியிருந்த அட்டையை நகர்த்தி, பெரிய திருகைப் பிடித்து இடப்பக்கமாகக் கடைசிவரை திருப்பினான். அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் அடங்கின.

“இப்ப சொல்லுங்கம்மா.”

“பிரச்சின ஏதாவது வந்துச்சுன்னா” என்றாள் அம்மா, “பெட்டிய எடுக்கறேன்னு திரும்பி வந்துடாத. விட்டுட்டு ஓடிடு. என்ன? போனா வேற வாங்கிக்கலாம். ஓடிடணும்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் பிடி புரிந்திருக்க வேண்டும். “சரிம்மா” என்றான். அவள் விடவில்லை. “சரின்னா பத்தாது. ஓடறேன்னு சொல்லு.” அவன் ஒரு கையைத் திருகின்மேல் வைத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே, மேடை விளிம்பில், சித்தப்பா வாயை அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், மறுபடியும் தட்டினார்.